பத்தியம் இல்லாத மருந்து

என் மனைவிக்கு ஏதோ சரியில்லை என்பதை முதலில் எனக்குச் சொன்னவர் பால்காரர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க சார், ஊட்ல அம்மணிக்கு ஏதாச்சும் சங்கடமுங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"இப்பெல்லாம் அளவு கொறையுதுன்னு சொல்றதே இல்லீங்க. எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு. நேத்து நெசமாலுமே கொறைச்சலா ஊத்திப் பாத்தனுங்க. அப்பவும் ஒண்ணுஞ் சொல்லுல."

கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகராக இருந்தேன். கடைசல் முடிந்து வரும் தண்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்து, தேறியது தேறாதது என்று பிரித்து வைப்பது என் வேலை. வீட்டில் நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் உண்டு. மழை, மின்வெட்டு, சிறுவாணித் தண்ணீர் வந்த நேரம், வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாம் அதில் இருக்கும். என் மனைவி பேசுவதைக் குறைத்துக்கொண்டது அதில் இல்லை. வீட்டில் சத்தம் குறைந்தால் அதை யாரும் குறை என்று எழுதி வைப்பதில்லை.

அன்று முதல் கவனித்துப் பார்த்தேன். விடிவதற்கு வெகுநேரம் முன்பே அவள் விழித்துக்கொண்டு, எழாமல் படுத்திருந்தாள். அரிவாள்மனை முன்னால் உட்காருவாள். காய் அப்படியே இருக்கும். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்பாள். அது பொய்யும் இல்லை. அவளுக்குச் சொல்லும்படி ஒன்றும் இருக்கவில்லை.

காரணம் சொல்ல ஆட்கள் நிறைய இருந்தார்கள். எங்கள் ஒரே மகளை வெளியூர் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்திருந்தோம். அதனால்தான் என்றார்கள் சிலர். வாயு என்றார்கள் சிலர். வீட்டுக்கு வடகிழக்கில் கிணறு மூடியிருப்பதைச் சொன்னவர்களும் உண்டு. எங்கள் தெரு டாக்டர் சத்து ஊசி போட்டார். ஊசி போட்ட இடம் வலிக்கிறதா என்று கேட்டதற்கு அவள் யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றாள்.

ஐப்பசியில் அவளுடைய தம்பிக்குக் கல்யாணம் முடிவானது. முகூர்த்தம் தை மாதத்தில். தம்பி பல்லடத்தில் பிராய்லர் கோழிப் பண்ணை வைத்திருந்தான். அவளைவிட எட்டு வயது இளையவன், ஒரே தம்பி. அதோடுதான் விஷயம் அவசரமானது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையையும் அவனுடன் பிறந்தவளையும் வைத்துச் செய்கிற சீர். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைப் புடவையின் ஒரு முனை அக்காளிடமும் மறுமுனை தம்பியிடமும் இருக்கும். கல்யாணம் ஆனபிறகும் உடன்பிறந்தவளின் உறவு அறுந்துபோகாது என்று சபை பார்க்கச் சொல்வதுதான் அது. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் யாராவது நிற்பார்கள். உடன்பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தி நின்றால், அதற்கு ஊருக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணம் அவள் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொள்ளும்.

என் மாமியார் ஒரு பெட்டியோடு பல்லடத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கினார். மகளை ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். மறுநாள் என்னிடம் பேசினார்.

"மாப்ளே, மதுக்கரையில என்ற கொழுந்தனார் மக இருக்கறாளுங்களே, அவ இப்பவே ஆள் உட்டுக் கேக்கறா. அக்காளுக்கு முடியலீன்னா நான் நின்னுக்கறனுங்க பெரிம்மான்னு. பொடவை என்ன நெறம்னு கேக்கறா!"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. அன்றைக்கு அதுதான் அவள் பேசிய முதல் வாக்கியம். "அவளையே நிக்கச் சொல்லுங்கம்மா. என்னால ஆகாது."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீங்களா? தம்பிக்கு நிக்கமாட்டன்னு சொல்றாளுங்க. அவன் பொறந்தப்ப யாரையும் தொட உடாம இடுப்புலயே வெச்சுட்டுத் திரிஞ்சவளுங்க இவ."

அந்த வாரமே டாக்டரிடம் போனோம்.

கிளினிக் காந்திபுரத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. பலகையில் 'நரம்பு மற்றும் மனநல மருத்துவர்' என்று எழுதியிருந்தது. எங்கள் சனம் முதல் சொல்லை மட்டும் படிக்கும். வெளியே பெஞ்சில் இருந்த எல்லோரும் நரம்புக்காகத்தான் வந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர் என் வயதுக்காரர், ஒல்லியானவர். அவள் தூக்கம், சாப்பாடு, எழுந்த நேரம் எல்லாவற்றையும் குறித்து எடுத்துப் போயிருந்தேன். வாசிக்க ஆரம்பித்தேன். முதல் பத்தி முடிவதற்குள் அவர் கையைக் காட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். மடிச்சு வைங்க. அவங்க சொல்லட்டும்."

அவள் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. அவர் காத்திருந்தார். கீழே தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதும் கேட்டது.

"எல்லாமே எட்டத்துல இருக்கறாப்புல இருக்குதுங்க" என்றாள். "புளி கரைக்கோணும்னு நெனைச்சாலே மலை ஏறச் சொன்னாப்புல இருக்குது. அழுகையும் வாரதில்லீங்க. வந்தாலும் தேவலை."

"வெசனம் தாங்காம செத்துப்போலாம்னு தோணுதாம்மா?"

"அய்யோ சாமி!" என்றார் மாமியார். "என்னங்க டாக்டரு, நல்ல வார்த்தையாக் கேக்காம..."

"தோணுதுங்க" என்றாள் என் மனைவி. "ஆனா அதுக்கும் எந்திரிச்சுப் போகோணுமில்லீங்க."

டாக்டர் சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார். இதயக் கோளாறு, கண் அழுத்தம், வலிப்பு, வேறு மாத்திரைகள் ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கைகால் தளர்ந்தால் பலவீனம் என்கிறோம், அதுபோல இதற்கு மனச்சோர்வு என்று பெயர், இது நோய், சோம்பேறித்தனம் இல்லை என்றார். கடைசி வார்த்தையை மாமியாரைப் பார்த்துச் சொன்னார்.

மாத்திரை எப்படி வேலை செய்யும் என்று நான் கேட்டேன். என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்டார். சொன்னேன்.

"அப்பச் சுலபம். மூளையில ஒரு நரம்புக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவுல சின்ன இடைவெளி இருக்குது. வாய்க்கால்னு வெச்சுக்குங்க. இந்த நரம்பு ஒரு ரசாயனத்தை வாய்க்கால்ல விடும். அது அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லும். சொல்லி முடிச்சதும், விட்ட நரம்பே அதைத் திரும்ப உறிஞ்சிக்கும். நம்ம மாத்திரை அந்த உறிஞ்சற வாயை அடைக்குது. வாய்க்கால்ல தண்ணி கொஞ்சம் கூட நேரம் நிக்கும்."

"அடைச்சதும் சரியாயிடுமுங்களா?"

"அடைக்கறது சில மணி நேரத்துல நடந்துடும். மனசு தெளிய ரெண்டு மூணு வாரமாச்சும் ஆகும். சிலருக்கு அதுக்கும் மேல."

"நடுவுல ஏனுங்க அத்தனை நாள்?"

"நரம்பு மெல்ல மெல்லத் தன்னை மாத்திக்குதுன்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியாது."

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவரை நம்ப அதுவே போதுமாக இருந்தது.

அவர் எழுதிய மாத்திரை அமிட்ரிப்டிலின். பழைய ரகம். இரண்டு விதமான ரசாயனங்களின் உறிஞ்சலைத் தடுக்கும். அதோடு நிற்காமல், தனக்குச் சம்பந்தமில்லாத இடங்களிலும் கை வைக்கும். வாய் உலரும், மலம் கட்டும், கிட்டப் பார்வை மங்கும், தூக்கம் வரும். தூக்கம் வருவதால் இரவில் கொடுப்பார்கள். தூக்கமில்லாதவளுக்கு அதுவே உதவி. குறைந்த அளவில் ஆரம்பித்து, சில நாட்களுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போக வேண்டும். தீங்கு முதல் நாளே வரும், நன்மை மூன்றாம் வாரம் வரும் என்றால், எங்கள் தொழிற்சாலையில் அப்படிப்பட்ட ஒரு பொருளை நான் தேற்றியிருக்க மாட்டேன்.

"ஒரு வாரத்துக்குத்தான் எழுதறேன்" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். "மொத்தமா முழுங்கினா இந்த ரகம் இதயத்தைப் பிடிக்கும். உங்க கையில இருக்கட்டும். பூட்டி வைங்க."

வீட்டில் பூட்டு உள்ளது என் மைக்ரோமீட்டர் பெட்டி ஒன்றுதான். அதில் வைத்தேன்.

எழுந்திருக்கும்போது மாமியார் முக்கியமான கேள்வியைக் கேட்டார். "பத்தியம் என்னங்க?"

"பத்தியம் ஒண்ணும் இல்லீங்கம்மா."

"புளி?"

"சாப்பிடலாம்."

"தயிரு?"

"சாப்பிடலாம்."

"கத்திரிக்கா, கருவாடு, நெலக்கடலை?"

"எல்லாமே சாப்பிடலாமுங்க." அவருக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். பேச்சை முடிப்பதற்காக ஒன்று சொன்னார், சொல்லாமல் இருந்திருக்கலாம். "பத்தியம் இருக்கற ரகமும் ஒண்ணு இருக்குதுங்க. அது உறிஞ்சறதைத் தடுக்காது. அந்த ரசாயனத்தைச் சிதைக்கற பொருளைத் தடுக்கும். அதைச் சாப்பிடறவங்க கருவாடு, நாள்பட்டுப் பதப்படுத்தினது, நொதிச்சது எல்லாம் தொட்டா ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாயிடும். நான் அதை எழுதறதில்லை."

படியிறங்கும்போது மாமியார் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "பாத்தீங்களா மாப்ளே? நல்ல மருந்தை உள்ள வெச்சுக்கிட்டு நமக்குச் சும்மா ஒண்ணை எழுதிப்போட்டாரு."

"அது ஆபத்துன்னு சொன்னாருங்கத்தை."

"ஆபத்தா இருந்தாத்தானுங்க மருந்து. பத்தியமே இல்லாத மருந்து என்ன மருந்து? பொட்டுக்கடலை மாவு."

மாத்திரை ஆரம்பித்த பிறகு தம்பி மொபெட்டில் வந்தான். உரித்த கோழி ஒன்றைச் சமையலறையில் வைத்துவிட்டு அக்காளைப் பார்த்தான். அவள் வாய் உலர்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"ஏனுங்க மச்சான், இன்னும் அப்படியேதான இருக்குது அக்கா?"

"ஒரு வாரந்தான் ஆகுது மாப்ளே."

"ஒரு வாரமா? என்ற பண்ணையில தண்ணில மருந்தைக் கலந்து உட்டா மூணாம் நாள் கோழி தீனி எடுக்குதுங்க. மூணு ஷெட்டும். ரெண்டு ரெண்டாக் குடுத்துப் பாருங்களேன், பாதி நாள்ல ஆகிப்போகும்."

"கோழிக்கு இணைச்சீர் இல்லைல்லடா" என்றாள் அவள். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. அது நகைச்சுவையா என்று எங்களால் முடிவு செய்ய முடியவில்லை. தம்பி அவள் பக்கத்தில் குந்தினான்.

"அக்கா, நிக்க முடியாட்டி நாக்காலி போட்டுக்கலாம். நீதான் வரோணும்."

"இணைச்சீருக்கு நாக்காலியா!" மாமியார் உள்ளேயிருந்து கத்தினார். "உன்ற கோழிக் கூண்டையும் கொண்டாந்து வெச்சுக்க!"

சமையலை மாமியார் முழுதாக எடுத்துக்கொண்டார். எனக்குக் காலையிலேயே மதியச் சாப்பாட்டைத் தூக்குப்போசியில் கட்டிக் கொடுத்துவிடுவார். இரவில் நான் முதலில் சாப்பிடுவேன். தாயும் மகளும் பிறகு சாப்பிடுவார்கள். மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே வந்தது. மூன்றாம் வாரத்தில் அவள் விடியும்வரை தூங்கினாள். தண்ணீர் வரும் சத்தம் கேட்டு ஒரு நாள் தானாக எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் கட்டிலில் படுத்தபடியே அதைப் பார்த்தேன். மிகவும் நல்ல அறிகுறி என்று நினைத்து முடிப்பதற்குள் குடம் உருளும் சத்தம் வந்தது.

குழாயடித் தொட்டியின் விளிம்பில் நெற்றி பட்டு வீங்கியிருந்தது. எழுந்ததும் கண் இருட்டியது என்றாள். மாமியார் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்த மாத்திரைதான் வுழுகாட்டுது. இனி ஒண்ணு குடுத்தீங்கன்னா நான் பல்லடத்துக்கு வண்டி ஏறிருவன், சொல்லிப்போட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "மதுக்கரைக்காரி ரவிக்கை தைக்கக் குடுத்துட்டாளாமுங்க. நாம எதுவும் சொல்லாமயே."

அன்று மாலையே டாக்டரிடம் போனோம். அவர் அவளைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். நின்றதும் அளவு நன்றாக இறங்கியது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மாத்திரையில இது வரும்தான். ஆனா நான் குடுத்த அளவுக்கு இது அதிகம்" என்றார். "சாப்பாடெல்லாம் எப்படிம்மா?"

"சாப்பிடறனுங்க."

"நல்லா சாப்பிடறீங்களா?"

"உப்பில்லாத சோத்தை எவ்வளவுங்க சாப்பிடறது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன். என் தூக்குப்போசியில் உப்பு சரியாகத்தான் இருந்தது. வீட்டில் இரண்டு பானை வெந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"நீங்க பத்தியம் சொல்லுலீங்க" என்றார் மாமியார். "மறந்துட்டீங்களோன்னு நானே போட்டன். உப்பை நிறுத்தாம எந்த மருந்துங்க கேக்கும்? மஞ்சக்காமாலைக்கு உப்பு நிறுத்துல? அம்மை பாத்தா நிறுத்துல? கல்யாணத்துக்குள்ள கேக்கோணுமில்லீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஏதாவது கடுமையாகச் சொல்லிவிடுவேன் என்று என் மனைவிக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அம்மாளும் உப்பில்லாமத்தானுங்க சாப்பிட்டாங்க" என்றாள். "என்கூட உக்காந்து. இத்தனை நாளும்."

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார். "நாம எந்திரிக்கறப்ப ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே ரத்தக் குழாய் சுருங்கி மேல தள்ளோணும். இந்த மாத்திரை அந்தச் சுருக்கத்தைத் தளர்த்தும். உப்பும் இல்லைன்னா குழாய்க்குள்ள தண்ணியே கம்மியாயிடும்."

"ஃபுட்வால்வும் பிடிக்கலை, கிணத்துலயும் தண்ணி இல்லை" என்றேன். பம்ப் குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிப்பது ஃபுட்வால்வு.

"அதேதான்."

"எல்லாம் என்னாலதானுங்களா?" என்று மாமியார் கேட்டார்.

"பாதிதானுங்கம்மா. மீதி என் மாத்திரை" என்றார் அவர்.

ஒரு வாரம் உப்போடு சாப்பிடச் சொல்லி, மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். மயக்கம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அடுத்த முறை அவர் இரண்டு வழிகளையும் அவளிடமே சொன்னார். இதே மாத்திரையைத் தொடர்ந்தால், தூக்கம் வந்திருக்கிறது, கல்யாணத்துக்குள் மனசும் தெளியலாம். ஆனால் எழும்போது கண் இருட்டலாம். புது ரகம் ஒன்று இருக்கிறது, நம் ஊர்க் கடைகளுக்கு அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. அது ஒரே ஒரு ரசாயனத்தின் உறிஞ்சலை மட்டும் தடுக்கும், ரத்த அழுத்தத்தை அவ்வளவாகத் தொடாது. ஆனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. முகூர்த்தத்தின் போது பாதி வழியில்தான் இருப்போம். பழைய ரகம் சளைத்தது என்றும் இல்லை, புதியது உயர்ந்தது என்றும் இல்லை. யாருக்கு எது தாங்கும் என்பதுதான் கேள்வி.

நான் இரண்டு பக்கத்தையும் மனதுக்குள் எடை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

"எந்திரிச்சா வுழுகாத மாத்திரையாப் பாத்துக் குடுங்க" என்றாள். "சந்தோசத்தை அப்பறமாப் பாத்துக்கலாமுங்க. தம்பிக்கு நான் நிக்கோணும்."

மாமியார் என் முழங்கையைக் கிள்ளினார். எனக்கும் கேட்டிருந்தது.

புது மருந்து புளுவாக்செட்டின். மாத்திரை இல்லை, காப்ஸ்யூல். இரண்டும் உடம்பில் சேர்ந்தால் பழையதன் அளவு ரத்தத்தில் ஏறிவிடும் என்பதால், பழையதைப் படிப்படியாக நிறுத்திய பிறகுதான் ஆரம்பித்தார். காலையில் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும். முதல் நாட்களில் குமட்டலும் கை நடுக்கமும் படபடப்பும் வரலாம் என்றார். மூன்றும் வந்தன. மாமியார் முகம் தெளிந்தது. "இப்பத்தான் மருந்து வேலை செய்யுது" என்றார்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "கைகாலுக்குச் சுறுசுறுப்பு முதல்ல வரும். மனசு பின்னாலதான் வரும். அந்த நடுவுல இருக்கற நாள்தான் கவனம். எந்திரிக்க முடியாம இருந்தவங்க எந்திரிப்பாங்க, வெசனம் அப்படியே இருக்கும். பக்கத்துல இருங்க. பேச்சு மாறினா உடனே கூட்டிட்டு வாங்க."

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து, சமையலறை அலமாரி முழுவதையும் கீழே இறக்கி, டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மாமியார் கண்ணீரோடு சாமி படத்துக்கு விளக்குப் போட்டார். நான் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னத்துக்கு இப்படி உக்காந்து மொறைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"டாக்டர் இருக்கச் சொன்னாரு."

"எதுக்காமா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் மல்லி டப்பாவைத் துடைத்து மூடினாள். நன்றாக யோசித்தாள்.

"இன்னிக்கு இல்லீங்க" என்றாள். "தோணுனா சொல்றன்."

"சரி."

"ஸ்டூல் வழியில இருக்குது. சித்தெ நகுந்து உக்காருங்க."

நகர்ந்து உட்கார்ந்தேன். மைக்ரோமீட்டர் பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தேன். இந்த ரகம் பழையது அளவுக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தும் பூட்டினேன். இன்னொரு நாள் அவளாகவே வந்து, "இன்னிக்குக் கொஞ்சம் இருக்குதுங்க" என்றாள். வேலைக்கு விடுப்புச் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக் போனேன். டாக்டர் வெகுநேரம் பேசினார். மருந்தை மாற்றவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தையல் கடைக்காரன் ரவிக்கை கைகளை ஏற்ற இறக்கமாக வெட்டுகிறான் என்றாள். படியில் நின்று அவ்வளவு பார்த்திருக்கிறாள்.

கல்யாணம் பல்லடத்தில். மண்டபத்தில் விடிவதற்கு முன்பே கூட்டம். அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் மெலிந்துவிட்டதாகச் சொன்னார்கள். நரம்புக்குப் பார்க்கிறார்களாமே என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். ஆமாம் என்றேன். மதுக்கரைக்காரி புது ரவிக்கையோடு முதல் வரிசையில் நின்றிருந்தாள். மாமியார் அவள் கையில் ஒரு தாம்பாளத்தைக் கொடுத்து, "நீ இதைப் புடிச்சுட்டு இங்கயே நில்லு கண்ணு, ரொம்ப முக்கியம்" என்றார். அந்தத் தாம்பாளத்தைக் கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் சீர்களை நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் அக்காளையும் தம்பியையும் எதிரெதிரே வைத்தார். உட்கார வேண்டும், எழ வேண்டும், மறுபடி உட்கார வேண்டும். டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தபடி அவள் முதலில் காலை ஊன்றினாள், மூச்சு விட்டாள், பிறகு எழுந்தாள். இப்போது அதற்கு அவசியமில்லை, பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"சீக்கிரம் எந்திரிம்மா, நேரமாகுது" என்றார் அருமைக்காரர்.

"இருங்கப்பா, வாரேன்" என்றாள்.

நான் தூணோரம் நின்று அவள் முழங்கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூறைப் புடவையின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. மறுமுனையைத் தம்பி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டிய சீர் இல்லை அது. அவள் விழுந்தால் புடவையைக் கொண்டே தூக்கிவிடலாம் என்று நினைத்திருந்தான் போலிருக்கிறது. அவள் விழவில்லை. எழ வேண்டிய ஒவ்வொரு முறையும் எழுந்தாள், நிற்க வேண்டிய வரையில் நின்றாள்.

போட்டோக்காரர் முன்னால் வந்து ஒரு கண்ணை மூடினார். எடுக்காமல் நிமிர்ந்தார்.

"அக்கா, மொகத்தைச் சித்தெ சிரிச்சாப்புல வைங்க. கலியாணம் பாருங்க."

"சிரிப்பு வாரதுக்கு இன்னும் ரெண்டு வாரமாகும்னு டாக்டரு சொல்லியிருக்கறாருங்க தம்பி" என்றாள் அவள். "நீங்க எடுங்க."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அருமைக்காரர் அவனை முறைத்தார். அந்தப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. தம்பியின் எல்லாப் பற்களும் தெரிகின்றன. அவள் முகம் கடன்காரர் யாரோ வந்ததுபோல இருக்கிறது. கோழிக்கு இணைச்சீர் இல்லை என்று அவள் சொன்னது நகைச்சுவைதான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பந்தியில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாமியார் தானே உப்புக் கிண்ணத்தோடு பரிமாற வந்தார். மணமகனின் தாய் பந்தியில் உப்பு வைக்க வேண்டியதில்லை. அதற்கு ஆட்கள் இருந்தார்கள். எங்கள் இலைகளுக்கு முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"காரியம் நல்லபடியா முடிஞ்சுதுங்களே மாப்ளே. இனி மாத்திரையை நிறுத்திப்போடலாமில்லீங்க?"

"இல்லீங்கத்தை. முழுசா நல்லானதுக்கு அப்பறமும் ஆறு மாசத்துக்கு மேல சாப்பிடோணுமாம். நிறுத்தறப்பவும் சொல்லாம நிறுத்தக்கூடாது, கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கோணும்னாரு."

"அத்தனை நாளும் பத்தியமில்லாமயா?"

"பத்தியமில்லாமத்தானுங்க."

அவர் கிண்ணத்திலிருந்து கைநிறைய உப்பை அள்ளி மகளின் இலை ஓரத்தில் வைத்தார். ஒரு பந்திக்கே போதுமான உப்பு.

என் மனைவி இலையைப் பார்த்தாள். "அம்மா, அளவு ரொம்ப அதிகமுங்க" என்றாள்.

"இருக்கட்டும் சாமி."

"இருக்கட்டும்னா? யாரு திங்கறது இத்தனையை? எடுங்க."

மாமியார் பாதியை எடுத்து என் இலையில் வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.